முன்பணம் கட்டிய கருவி வரவில்லை: காத்திருப்பதா, பணத்தைக் கேட்பதா?

வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவர் மொழிபெயர்ப்பாளர். எங்கே உட்கார்ந்தாலும் தட்டச்சு செய்ய வசதியாக, நிஜமான விசைப்பலகை வைத்த ஒரு கையடக்கக் கணினியை இணையத்தில் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். அதைச் செய்வது நான்கே பேர் கொண்ட குழு. அவர்களுடைய சொந்த இணையதளத்தில், கார்டில் முழுத் தொகையும் கட்டி ஆர்டர் போட்டார். எட்டு மாதத்தில் வரும் என்றார்கள். இப்போது இரண்டேகால் வருடம் ஆகிறது. முதலில் மாதம் ஒரு மின்னஞ்சல் ஒழுங்காக வந்தது. கீல் உடைகிறது, பிளாஸ்டிக் உடலை வார்க்கும் எஃகு அச்சை, அதாவது மோல்டைத் திருத்துகிறோம் என்றார்கள். அப்புறம், வாங்குவதாக இருந்த ஸ்க்ரீனின் தயாரிப்பையே சப்ளையர் நிறுத்திவிட்டார் என்றார்கள். அடுத்தது, கருவியிலிருந்து கசியும் ரேடியோ அலையை அளக்கும் சோதனையில் தேறவில்லை. கடைசியாக பேட்டரிச் சோதனை. அதற்குப் பிறகு ஏழு வாரம் பேச்சு மூச்சில்லை. போன வாரம் வந்த மின்னஞ்சல் சொல்வது: கூடுதலாக ஒரு தொகை கட்டினால், முதலில் அனுப்பும் தொகுப்பிலேயே உங்களுடையதைச் சேர்த்துவிடுவோம்.

கணவர், "போன பணம் போனதுதான், விடு" என்கிறார். அண்ணனோ, "ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கக் கூடாதா" என்கிறார். அதே கருவிக்குப் பணம் கட்டிய தோழி கோபமாக நாலு மெயில் தட்டியதும் அவருக்கு மட்டும் பணம் திரும்ப வந்துவிட்டது. வாசகியோ ஒரு வருடத்துக்கு முன், "அவசரமே இல்லை, தரம்தான் முக்கியம், நிதானமாகச் செய்யுங்கள்" என்று அவர்களுக்கு எழுதியவர். "பொறுமையாக இருந்த நான்தான் ஏமாளி. நானும் ஒரு முதலீட்டாளர்தானே, கணக்குக் கேட்க முடியாதா? தடவைக்கு ஒரு காரணம் சொல்கிறார்களே, இது மோசடி இல்லையா? போலீஸில் கொடுக்கலாமா? குழுத்தலைவரின் படம், வீட்டு முகவரி எல்லாம் சேர்த்து ஒரு பதிவு எழுதி வைத்திருக்கிறேன், போடட்டுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: அந்தப் பதிவைப் போடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மற்றதெல்லாம் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம்.

இந்த மாதிரி வழக்குகளில் இரண்டு பக்கத்துக்கும் ஆஜராகியிருக்கிறேன். பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களுக்காகவும், பணத்தை வாங்கிவிட்டுப் பொருளைச் செய்ய முடியாமல் முழிபிதுங்கும் சின்னக் குழுக்களுக்காகவும். அதனால் உங்கள் கோபமும் புரிகிறது, அந்தப் பக்கத்துப் பட்டறையில் என்ன நடந்திருக்கும் என்பதும் ஓரளவு தெரிகிறது. உங்கள் கணவர், அண்ணன், தோழி மூன்று பேர் சொன்னதையும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். பணம் இன்னும் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கவும் வேண்டாம். கத்தினால்தான் கிடைக்கும் என்பதும் எப்போதும் சரிவராது.

நீங்கள் முதலீட்டாளர் இல்லை, நல்லவேளை

நீங்கள் பங்கு எதுவும் வாங்கவில்லை. லாபத்தில் உங்களுக்குப் பங்கு இல்லை, ஆகவே அவர்களுடைய வரவு செலவுக் கணக்கைக் காட்டச் சொல்லும் உரிமையும் பொதுவாக இல்லை. இது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் முதலீட்டாளர் என்றால் தொழில் நொடித்தால் பணம் போச்சு என்று ஒப்புக்கொண்டு உள்ளே வந்தவர். நீங்கள் வாங்குபவர். ஒரு பொருளுக்கு விலை கொடுத்திருக்கிறீர்கள். பொருள் வர வேண்டும், இல்லையென்றால் விலை திரும்ப வர வேண்டும். பெரும்பாலான நாடுகளின் சட்டம் இதைச் சாதாரண விற்பனை ஒப்பந்தமாகத்தான் பார்க்கும்.

கிக்ஸ்டார்ட்டர் மாதிரி, ஒரு முயற்சிக்குப் பலரிடம் பணம் திரட்ட உதவும் கூட்டுநிதித் தளம் வழியாகக் கட்டியிருந்தால் கதை வேறு. அங்கே நீங்கள் ஒரு முயற்சிக்கு ஆதரவு தருகிறீர்கள். தளம் கடை இல்லை, பணத்தையும் அது திருப்பித் தராது. செய்பவர் பொருளைக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் பணம் எப்படிச் செலவானது, ஏன் முடியவில்லை என்று நேர்மையாக விளக்க வேண்டும், மிச்சம் இருந்தால் திருப்பித்தர முன்வர வேண்டும் என்பதே அங்குள்ள நிபந்தனை. ஆக, கணக்குக் கேட்கும் வாய்ப்பு அங்கே கொஞ்சம் கூடுதல், பணத்தைக் கேட்கும் வாய்ப்பு குறைவு. நீங்கள் குழுவின் சொந்தத் தளத்திலேயே ஆர்டர் போட்டதால் உங்கள் நிலை வலுவானது.

ஒரு வேலை செய்யுங்கள். ஆர்டர் போட்ட அன்று வந்த உறுதி மின்னஞ்சலைத் தேடி எடுங்கள். அதில் 'ஆர்டர்' என்று இருக்கிறதா, 'நன்கொடை' அல்லது 'ஆதரவு' என்று இருக்கிறதா? எட்டு மாதம் என்பது உறுதியான தேதியா, 'உத்தேசம்' என்ற சொல் ஒட்டியிருக்கிறதா? பணம் திருப்புவது பற்றி அந்தத் தளத்தில் அன்று என்ன விதி இருந்தது? அந்தப் பக்கத்தை அவர்கள் இப்போது மாற்றியிருந்தால், அன்றைய விதிதான் உங்களைக் கட்டுப்படுத்தும், இன்றையது இல்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் காப்பகத் தளங்களில் அன்றைய வடிவம் கிடைக்கலாம்.

தடவைக்கு ஒரு காரணம்

உங்கள் கடிதத்தில் நான் அதிகம் நேரம் செலவழித்தது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு முறையும் புதுக் காரணம் சொல்கிறார்கள், அதுவே பொய்க்குச் சாட்சி என்கிறீர்கள். கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் மின்னணுப் பொருள் செய்கிற இடத்தில் இதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்.

அவர்கள் சொன்ன காரணங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: கீல், ஸ்க்ரீன், ரேடியோ அலை, பேட்டரி. கிட்டத்தட்ட வேலை நகரும் வரிசையும் இதுதான். நீங்கள் வீடியோவில் பார்த்த மாதிரிக் கருவி ஒன்றே ஒன்று, கையால் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. அதன் உடல் பெரும்பாலும் முப்பரிமாண அச்சில் எடுத்ததாக இருக்கும். அதே உடலை ஆயிரக்கணக்கில் எடுக்க எஃகில் மோல்டு வெட்ட வேண்டும். வெட்டவே வாரக்கணக்கில் ஆகும். முதல் முறை பிளாஸ்டிக் ஊற்றி எடுத்தால் ஒரு பக்கம் குழி விழும், மூடி லேசாக வளையும், கீலின் காது மெலிந்து உடையும். காது மெலிசாக இருந்தால் மோல்டில் இன்னும் கொஞ்சம் எஃகைச் செதுக்கி எடுத்தால் போதும், பிளாஸ்டிக் தடித்துவிடும். தடித்துப் போயிருந்தால்தான் தலைவலி. செதுக்கிய எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது. வெல்டிங் வைத்து மறுபடி கடைய வேண்டும், சில சமயம் அந்தத் துண்டையே புதிதாகச் செய்ய வேண்டும். அனுபவமுள்ளவர்கள் இதற்காகவே முதலில் எஃகைக் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் வெட்டுவார்கள்.

கீல் சரியாகிற நேரத்தில் ஸ்க்ரீன் நின்றுபோகிறது. சின்னக் குழுவால் தனக்கென்று ஸ்க்ரீன் செய்யச் சொல்ல முடியாது. வேறு யாரோ பெரிய நிறுவனத்துக்காக ஓடுகிற ஸ்க்ரீனைத்தான் வாங்கும். அந்தப் பெரியவர் வாங்குவதை நிறுத்தினால் தயாரிப்பும் நிற்கும். மாற்று ஸ்க்ரீன் கிடைத்தாலும் ஒரு மில்லிமீட்டர் அகலம் கூடினால் முன்மூடியை மாற்ற வேண்டும். அதாவது மறுபடி மோல்டு. இணைப்பு வேறென்றால் சர்க்யூட் போர்டும் மாறும். போர்டு மாறினால் அதிலிருந்து கசியும் ரேடியோ அலையும் மாறும். முன்பு தேறியிருந்தால்கூட இப்போது தேறாமல் போகலாம். ஸ்க்ரீனுக்குப் போகும் சின்ன ஒயரே ஆண்டெனா மாதிரி வேலை செய்து சோதனையைக் கெடுக்கும். லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்ற ஐ.நா. 38.3 என்ற சோதனைத் தொகுதியைத் தாண்ட வேண்டும். உயரே போனால் குறையும் காற்றழுத்தம், வெப்பம், அதிர்வு, ஷார்ட் சர்க்யூட் என்று எட்டு வகை சோதனை அதில் உண்டு. அந்த அறிக்கை இல்லாமல் எந்த முறையான கூரியரும் பெட்டியைத் தொட மாட்டார்.

ஆக, காரணம் மாறிக்கொண்டே வந்தால் வேலை நகர்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். மூன்று மெயிலிலும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால்தான் நான் கவலைப்படுவேன். 'சப்ளையரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்' என்பது ஒரு தடவை தகவல். அதுவே மூன்றாம் தடவை வந்தால் பேச்சு நடக்கவில்லை, பெரும்பாலும் சப்ளையருக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

பெரிய பெயர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2012 பிப்ரவரி 29ஆம் தேதி விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை கணினியின் முதல் தொகுப்பில், உள்ளே காந்தச் சுருள் உள்ள நெட்வொர்க் சாக்கெட்டுக்குப் பதிலாகச் சுருள் இல்லாத சாக்கெட்டைத் தொழிற்சாலை பற்றவைத்துவிட்டது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலிருக்கும். நெட்வொர்க் மட்டும் வேலை செய்யாது. அதைச் சரிசெய்தபின், ஐரோப்பியத் தரச் சான்று இல்லாமல் விற்க மாட்டோம் என்று விநியோகஸ்தர்கள் நின்றார்கள். பெப்பிள் கைக்கடிகாரத்துக்கு 2012இல் கிட்டத்தட்ட 69,000 பேர் ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். செப்டம்பரில் வர வேண்டியது 2013 ஜனவரியில்தான் கிளம்பியது. பணம் குறைவாக இருந்ததால் வந்த தாமதம் இல்லை அது. கேட்டவர்கள் அதிகமானதால் தயாரிப்பு முறையையே மாற்ற வேண்டியதாயிற்று.

எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொல்ல இதையெல்லாம் எழுதவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈத்தன் மோலிக் 2015இல் கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களை ஆராய்ந்தபோது, சுமார் 9 சதவீதம் திட்டங்கள் வாக்களித்ததைக் கொடுக்கவில்லை என்று கண்டார். பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அந்த ஒன்றில் மாட்டியிருக்கிறீர்களா, மற்ற ஒன்பதில் ஒன்றா என்பதுதான் கேள்வி. அதற்கான பதிலை, தாமதமான மாதங்களை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது.

என்னை உறுத்துவது அந்தக் கூடுதல் தொகை

இரண்டேகால் வருடத்தைவிட, போன வாரத்து மின்னஞ்சல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கூடுதலாகக் கட்டுகிறவர்களுக்கு முதலில் அனுப்புவோம் என்றால், கையிலிருக்கும் காசு எல்லாருடைய கருவியையும் முடிக்கப் போதவில்லை என்று மறைமுகமாக ஒப்புக்கொள்கிறார்கள். கூலஸ்ட் கூலர் என்ற குளிர்பெட்டித் திட்டத்தில் இதே நடந்தது. 2014இல் 60,000 பேருக்கு மேல் பணம் கொடுத்தார்கள். 2016இல், இன்னும் 97 டாலர் கட்டினால் சீக்கிரம் அனுப்புகிறோம் என்று கேட்டார்கள். 2019 கடைசியில் நிறுவனத்தை மூடியபோது சுமார் 20,000 பேர் பெட்டியைப் பார்க்கவே இல்லை.

கூடுதல் தொகை கேட்டாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. நேர்மையான குழுவும் கடைசி மூச்சில் இப்படிக் கேட்கும். ஆனால் நீங்கள் ஒரு பைசா கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. பழைய ஒப்பந்தப்படி வர வேண்டிய பொருள் வர, இரண்டாம் தடவை விலை கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை. கட்டினால் புதிதாக ஒரு ஒப்பந்தம் ஏற்படும். அதன் பொடி எழுத்தில், பழைய ஆர்டருக்கான பணத்தைத் திரும்பக் கேட்க மாட்டேன் என்ற வரி ஒளிந்திருக்கலாம். அப்படி ஒரு வரியை நானே எதிர்த்தரப்பு ஆவணத்தில் கண்டுபிடித்திருக்கிறேன், அதுவும் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்ற பக்கத்தின் அடியில்.

வேறு சில அறிகுறிகளையும் பாருங்கள். இந்தக் கருவியை முடிக்காமல் அடுத்த கருவிக்கு முன்பதிவு திறந்திருக்கிறார்களா? பொறியாளர் குழுவை விட்டுப் போய்விட்டாரா? நான்கு பேரில் போர்டை வடிவமைத்தவர் ஒருவர்தான் இருப்பார். அவர் போனால் மற்ற மூன்று பேர் எவ்வளவு நல்லவர்களாக இருந்தும் பயனில்லை. படம் கேட்டால் பழைய படத்தையே அனுப்புகிறார்களா? மோல்டிலிருந்து வந்த உடலின் புதுப் படமும், தேறிய சோதனை அறிக்கையின் முதல் பக்கமும் தருகிற குழு உயிரோடு இருக்கிறது. 'மிக விரைவில், உற்சாகமான செய்தி காத்திருக்கிறது' என்று மட்டும் எழுதுகிற குழுவை நான் நம்ப மாட்டேன். கெட்ட செய்தியை விவரமாகச் சொல்கிறவர்களிடம் எனக்கு மரியாதை அதிகம்.

பொறுப்பதானால் எழுத்தில் பொறுங்கள்

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு வருடத்துக்கு முன் நீங்கள் அனுப்பிய 'அவசரமே இல்லை' மின்னஞ்சல் நல்ல மனசோடு எழுதியது. ஆனால் நாளை தகராறு வந்தால் அவர்களுடைய வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான். வாடிக்கையாளரே காலக்கெடுவைத் தளர்த்திவிட்டார், இப்போது தாமதம் என்று எப்படிச் சொல்லலாம் என்பார். பயப்படாதீர்கள், சரிசெய்யக்கூடியதுதான். நியாயமான ஒரு புதுக் கெடுவை எழுத்தில் கொடுத்துவிட்டால், பழைய தளர்வு அன்றோடு முடிந்தது. அந்தக் கெடுவுக்குள் பொருள் வரவில்லை என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைக் கேட்பதற்குப் பல நாடுகளின் சட்டம் இடம் கொடுக்கிறது. சட்டத்தின் பெயரும் கெடுவின் அளவும் ஊருக்கு ஊர் மாறும், அடிப்படை இதுதான்.

எழுத வேண்டியது ரொம்பச் சின்னது. ஏறக்குறைய இப்படி:

"இந்த எண்ணுள்ள ஆர்டருக்கு, இந்தத் தேதியில் முழுத் தொகையும் கட்டினேன். எட்டு மாதத்தில் தருவதாகச் சொன்னீர்கள். இதுவரை பொறுத்திருந்தேன். கூடுதல் தொகை கட்டும் திட்டத்தில் சேர எனக்கு விருப்பமில்லை, என் பழைய ஆர்டர் அப்படியே தொடர்கிறது. கீழே உள்ள நான்கு கேள்விகளுக்கு இரண்டு வாரத்துக்குள் பதில் தாருங்கள். இன்றிலிருந்து 90 நாளுக்குள் கருவியை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ஆர்டரை ரத்து செய்து முழுத் தொகையையும் திரும்பக் கேட்பேன். முன்பு நான் எழுதியது எதுவும் இந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது."

நான்கு கேள்விகள் என்னவென்றால்: ரேடியோ அலைச் சோதனையில் இறுதிப் போர்டு தேறிவிட்டதா? பேட்டரியின் 38.3 சோதனை அறிக்கை கையில் இருக்கிறதா? ஆர்டர் போட்ட எல்லாருக்கும் போதுமான ஸ்க்ரீன்களை வாங்கியாயிற்றா, இல்லை முன்பணம் மட்டும் கொடுத்திருக்கிறீர்களா? பாகங்களைப் பூட்டிக் கருவியாக்கும் வேலை தொழிற்சாலையில் எந்த வாரம் ஆரம்பம்? இந்த நான்குக்கும் 'ஆம்' என்றோ, ஒரு தேதியோடோ பதில் வந்தால் 90 நாள் தாராளமாகக் கொடுக்கலாம். தொழிற்சாலை சீனாவில் என்றால் சீனப் புத்தாண்டு நடுவில் வருகிறதா என்று பார்த்து, வந்தால் ஒரு மாதம் சேர்த்துக் கொடுங்கள். அந்தச் சமயத்தில் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும், ஊருக்குப் போன தொழிலாளர்களில் பலர் திரும்பி வரமாட்டார்கள். மூன்றாம் கேள்விக்கு மழுப்பல் வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம் என்பேன். ஆயிரம் கருவிக்கு அறுநூறு ஸ்க்ரீன் இருந்தால் நானூறு பேர் நிற்பார்கள், அதில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

மரியாதையாக எழுதுங்கள். உங்கள் மெயிலைப் படிக்கப்போவது தனி வாடிக்கையாளர் சேவை ஆள் கிடையாது. பெரும்பாலும் அந்தப் பொறியாளர்தான், ராத்திரி பதினொரு மணிக்கு. அவருக்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லத்தக்க கேள்வியாக இருந்தால் பதில் வரும்.

பணத்தைத் திரும்பக் கேட்கும் வழிகள்

கார்டில் கட்டியதால், வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக் என்ற வழி ஒன்று உண்டு. அதற்குக் காலக்கெடு இருக்கிறது. பெரிய கார்டு நிறுவனங்களின் விதிப்படி, பொருள் வர வேண்டிய தேதியிலிருந்து பொதுவாக 120 நாள், அதுவும் பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாளைத் தாண்டாமல். உங்களுக்கு இரண்டு கெடுவும் கடந்துவிட்டன. பொறுமைக்கு நீங்கள் கொடுத்த விலை இதுதான், வருத்தமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இருந்தாலும் வங்கியை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சில நாடுகளில் கடன் அட்டைக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பும் உண்டு, அதற்குக் கெடு நீளம். இதைப் படிக்கிற மற்றவர்கள் யாராவது இதே நிலையில் இருந்து, பணம் கட்டி ஒன்றரை வருடம் ஆகவில்லை என்றால், இன்றைக்கே தேதியைக் கணக்குப் போடுங்கள்.

நுகர்வோர் மன்றம், சிறு தொகைக்கான நீதிமன்றம் ஆகியவை அடுத்த வழி. அங்கும் வழக்குத் தொடரக் காலவரம்பு உண்டு, பல நாடுகளில் சில வருடங்கள்தான். குழு வேறு நாட்டில் இருந்தால் தீர்ப்பு கிடைத்தும் பணம் வசூலாவது கஷ்டம். உங்கள் தொகைக்கு வழக்கறிஞர் வைத்துப் போராடினால் என் மாதிரி ஆளுக்குத்தான் லாபம். நீங்களே மனு எழுதிப் போடக்கூடிய இடமா என்று பாருங்கள்.

தோழிக்குப் பணம் வந்ததே என்கிறீர்கள். அவர் எப்போது கேட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்க்ரீனுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் கேட்டிருந்தால் கணக்கில் காசு இருந்திருக்கும். உங்கள் பணம் இப்போது நோட்டாக இல்லை, எஃகு மோல்டாகவும் பெட்டி பெட்டியாகச் சில்லுகளாகவும் ஒரு கிடங்கில் இருக்கிறது. எல்லாரும் ஒரே வாரத்தில் திரும்பக் கேட்டால் குழு கையை விரித்துவிடும். நிறுவனம் திவாலானால் பல நாடுகளில் வங்கிக் கடன், வரி, சம்பளம் போன பிறகு மிச்சம் இருந்தால்தான் முன்பணம் கட்டியவர்களுக்கு. இதற்காக உங்கள் உரிமையை விட்டுக்கொடுங்கள் என்று சொல்லவில்லை. குழுவின் கஷ்டம் உங்கள் பொறுப்பில்லை. கேட்பதற்கான நேரத்தை மட்டும் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள் என்கிறேன். முழுத் தொகை உடனே முடியாது என்றால் நான்கைந்து தவணையில் கேட்கலாம், சின்னக் குழுக்கள் இதற்குச் சட்டென ஒத்துக்கொள்ளும்.

போலீஸும் அந்தப் பதிவும்

மோசடி என்பதற்கு, பணம் வாங்கிய அன்றே கொடுக்கும் எண்ணம் இல்லை என்றோ, வாங்கிய பணத்தை வேறு எதற்கோ திருப்பினார்கள் என்றோ காட்ட வேண்டும். முயன்று தோற்பது குற்றமாகாது. அமெரிக்காவில் வணிக ஆணையம் 2015இல் கூட்டுநிதி தொடர்பாக முதல் நடவடிக்கை எடுத்தபோது, குற்றச்சாட்டு தாமதம் பற்றியது இல்லை. ஒருவர் ஒரு பலகை விளையாட்டுக்கென்று திரட்டிய 1,22,000 டாலரில் பெரும்பகுதியை வீட்டு வாடகைக்கும் சொந்தச் செலவுக்கும் வேறொரு திட்டத்துக்கும் போட்டார் என்பதுதான். உங்கள் கடிதத்தில் அப்படி எதற்கும் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாத புகாரில் கணக்கு முடங்கினால், கடைசி ஸ்க்ரீனுக்கான பணமும் அதிலேயே மாட்டும். நான்கு கேள்விக்கும் பதிலே வராமல், இணையதளமும் மூடி, போனும் எடுக்காமல் போனால் அப்போது என்னைத் திரும்பக் கேளுங்கள், வேறு பதில் சொல்வேன்.

பதிவு விஷயம். 'பணம் கட்டி இரண்டேகால் வருடம், கருவி வரவில்லை, கூடுதல் பணம் கேட்கிறார்கள்' என்று எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒவ்வொரு வரியும் உண்மை, உங்களிடம் மின்னஞ்சல் இருக்கிறது. 'திருடன்' என்று எழுதினால் நீங்கள் அதை நிரூபிக்க வேண்டியிருக்கும். குழுத்தலைவரின் வீட்டு முகவரியும் படமும் போட்டால், பணம் வர வேண்டிய வழக்கில் நீங்கள் எதிர்மனுதாரர் ஆகிவிடுவீர்கள். அதைப் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் அந்த வீட்டு வாசலில் போய் நின்றால் அந்தப் பழியும் உங்கள் மேல் வரும். நீங்கள் எழுதி வைத்திருக்கும் வரைவில் முதல் பத்தியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது முழுக்கத் தேதியும் தகவலும், அதற்கே போதிய வலு இருக்கிறது. அதையும் இப்போதே போட வேண்டாம், இரண்டு வாரக் கெடு முடியட்டும்.

கெடு கொடுக்கும் மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். பதில் எப்படி வந்தாலும், ஆர்டர் உறுதி மின்னஞ்சலோடு சேர்த்து எனக்கு அனுப்பினால் அந்த 'உத்தேசம்' என்ற சொல் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். கூடுதல் தொகை கேட்டு வந்த மெயிலில் கட்டணப் பொத்தான் இருந்தால், தவறிக்கூட அதைத் தொட வேண்டாம்.